டோபியைத் துரத்திப் பிடித்தவன்

முழங்கால் தேய்ந்த பிறகும் நோரீன் மலையேறுவதை விடவில்லை. கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் அவளுடைய இரண்டு வெள்ளாடுகள் சுமந்தன. "புருஷனுக்குப் பதிலா ஆடா?" என்று அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊரார் கேலி செய்வார்கள். "இதுங்க குறட்டை விடாது" என்பாள்.

ஒரு செப்டம்பரில், மேட்டுப் புல்வெளியில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது டோபி என்ற ஆடு கயிற்றை உருவிக்கொண்டு சரிவில் ஏறியது. மேலே பாறையில் காட்டுச் செம்மறிக் கிடாய்கள் நின்றன. அவற்றில் ஒன்று டோபியை மோப்பம் பிடிக்க இறங்கியது. நோரீனுக்குத் தெரியும்: வெள்ளாட்டை ஒன்றும் செய்யாத நுரையீரல் கிருமி, மோப்பத்தில் தொற்றினால் அந்தச் செம்மறி மந்தையையே அழித்துவிடலாம். அவளால் ஓடவும் முடியவில்லை.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து, கைகளை வீசிக் கத்தினான். கிடாய்கள் மிரண்டு முகட்டைத் தாண்டி ஓடின. டோபியைத் துரத்திப் பிடித்து இழுத்து வந்தவனின் தோளில் துப்பாக்கி இருந்தது. குலுக்கலில் செம்மறி வேட்டை உரிமம் கிடைக்கப் பல வருஷம் காத்திருந்த ஆர்விட் அவன்.

"ஐயோ, உங்க வேட்டை போச்சே!"

"ஒரு கிடா போனா போகட்டும்மா. மொத்த மந்தையும் போயிருந்தா? இந்தாங்க, உங்க திருடனப் பிடிங்க."

அந்தப் பருவத்தில் அவனுக்குக் கிடாயே சிக்கவில்லை.

அதன்பின் நோரீன் செம்மறிகள் இல்லாத மலைகளுக்கு மட்டுமே ஆடுகளோடு போனாள். இலையுதிர் காலந்தோறும் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு ஆர்விட் வீட்டுக்குக் கொண்டுபோனாள். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே அவன் தட்டை நீட்டுவான்.

"அந்த மலையில இன்னும் குட்டிங்க துள்ளுதே, அதுக்குத்தான்."