ஆய்வுக்கூடத்து வாசல் வரை

அமெரிக்காவில் விற்கும் முட்டையில் வாசமே இல்லை. கழுவித் துடைத்து, குளிரில் வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். இங்கே வந்த பிறகு வெதுவெதுப்பான முட்டையைக் கையில் எடுப்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான். ஓஹையோவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சளிக்காய்ச்சல் வைரஸை ஆராய்கிறோம். கரு வளரும் முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே உயிர் துடிக்கிறதா என்று பார்த்து, ஓட்டில் சிறு துளையிட்டு வைரஸை ஊசியால் ஏற்றவேண்டும். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னபோது ஊரில் என் அம்மா வெகுநேரம் நம்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஊருக்குள் ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருந்தது. இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அவர்களில் சிலரைக் கோடைதோறும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் பழக்கி, பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்த்து ஆராய்ச்சியாளர்களாக ஆக்குவது திட்டம். பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "நீங்களும் மைனாரிட்டிதானே, உங்களிடம் அவர்களுக்குக் கூச்சம் இருக்காது" என்றார். எங்கள் வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய காடும் தோட்டமும் எங்கள் ஆட்களுடையவை. அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அப்படி வந்தவள் லொரெய்ன். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடித்துவிட்டு, மதியம் எங்களிடம் வருவாள். ஒரே அளவு வைரஸை ஏற்றியும் சில முட்டைகளில் கரு சாகாமல் இருப்பதை நாங்கள் கைத்தவறு என்று ஒதுக்கிவிடுவோம். அவள் ஒதுக்கவில்லை. "ஏன் இவை மட்டும் பிழைக்கின்றன?" என்று கேட்டாள். பிழைத்தவற்றைத் தனியே வைத்து, அவை எந்தக் கோழிக் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தேட ஆரம்பித்தாள். ஆராய்ச்சி தொடங்குவது அந்தக் கேள்வியில்தான். எனக்கு அவள்மேல் பெரிய நம்பிக்கை வந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது, "உங்கள் ஊரிலும் நீங்கள் எங்களைப் போலத்தானா?" என்றாள். இல்லை, எங்களுக்கு நிலம் இருந்தது, மற்றவர்கள் எங்களிடம் வேலைக்கு வருவார்கள் என்றேன். அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் அங்கே நீங்கள் வெள்ளைக்காரர்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. விளங்கிக்கொண்ட குரலில் சொன்னாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அன்று முழுவதும் சின்னுசாமி நினைவாகவே இருந்தது. எழுபதுகளில் சேலத்துக் கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்தவன். எங்கள் ஊர்க் காலனியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மணியடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். சேலத்தில் என்னை "வாப்பா, போப்பா" என்றுதான் பேசுவான். விடுமுறைக்குச் சேர்ந்தே பஸ் ஏறுவோம். ராசிபுரம் தாண்டி ஊர் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைப்பான். இறங்கியதும், "நீங்க முன்னால போங்க, நான் வாரனுங்க" என்று பின்தங்கிவிடுவான். நான் மேற்படிப்புக்கு மெட்ராஸ் போனேன், பிறகு இங்கே. அவனுக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

லொரெய்ன் வந்த அந்தக் கோடைக்கு முந்திய தையில் ஊருக்குப் போயிருந்தபோது அவனைப் பார்க்க அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அதிகாரி என்னை உட்காரவைத்து அமெரிக்காவைப் பற்றி விசாரித்தார். காபி வந்தது. தட்டை ஏந்தி வந்தவன் சின்னுசாமி.

"உங்க ஊர்ப் பையன்தானுங்களே? நல்ல பையன். சொன்ன வேலையத் தட்டாமச் செய்வான்" என்றார் அதிகாரி.

"பட்டதாரிங்க அவன். கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் பரிசோதனை எல்லாம் அவனே பார்ப்பானுங்க. ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாருங்க" என்றேன்.

"பார்க்கலாமுங்க. இங்க கண்ணாடிக் குப்பி கழுவறதுக்கு வேற ஆள் வரட்டும்."

வெளியே வேப்பமரத்தடியில் அவன் நின்றிருந்தான். "ஏனுங்க எனக்காவப் போயிக் கேட்டீங்க? இருக்கறதும் போயிருமுங்க" என்றான். சேலத்துப் 'போப்பா' அவனிடமிருந்து ஒருமுறையாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

லொரெய்ன் விஷயத்தில் அப்படி ஆகாது, இங்கே எல்லாம் முறைப்படி நடக்கும் என்று நினைத்தேன். முறைப்படித்தான் நடந்தது. கம்யூனிட்டி காலேஜில் அவள் தேறிய வேதியியல் பல்கலைக்கழகத்தில் செல்லாது என்றார்கள். திரும்பப் படிக்கவேண்டும், அந்த வகுப்பு காலையில் மட்டும்தான். சலவைக்கூடத்தில் நேரத்தை மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அந்த வேலையை விட்டால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறில்லை. நான் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கனிவாகப் பேசினார்கள். துறைத் தலைவர் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீர்கள், அடுத்த கோடைக்கு வேறொருவர் வருவார்" என்றார்.

கடைசி நாள் லொரெய்ன் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். சலவைக்கூடத்துப் பழக்கம், மடிப்பு அத்தனை நேர்த்தி. "பிழைத்த முட்டைகளை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டாள். நான் பார்க்கிறேன் என்றேன். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு யாரும் எழுதவில்லை. இலையுதிர்காலத்தில் வேறு வேலை வந்துவிட்டது. எப்போதாவது ஆஸ்பத்திரி நடைவழியில் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். தலையசைப்போம். பிறகு அதுவும் நின்றது. வேலையை விட்டாளா, ஊர் மாறினாளா, தெரியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணையிலிருந்து அண்ணன் போனில் கிடைத்தார். அங்கே சாயங்காலம், பின்னால் கோழிகளின் கூச்சல் கேட்டது. சின்னுசாமி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். "அவனா? அங்கயேதான் குப்பி கழுவிக்கிட்டுக் கெடக்கறான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஏன் கண்ணு, அத்தாந்தொலைவுல தனியாக் கெடக்கறயே, அங்க நம்மாளுக யாராச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்காக நாலைந்து கறுப்புப் பெண்கள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களில் லொரெய்னின் முகத்தைத் தேடியபடி, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அண்ணன், "அலோ, லைன் இருக்குதா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.