முளைப்பாரிக்கு முன் வாங்க நினைத்த மாத்திரை

இதை எழுதக் கூச்சப்பட்டே பல வருடங்கள் ஓடிவிட்டன. அப்போது எங்களுக்குக் குழந்தையில்லை. நாற்பதைத் தாண்டியதும், ஹார்மோன் குறைந்துவிட்டது, இனிக் கடினம் என்றார் டாக்டர். பிறகு இரண்டு மாதம் தீட்டு வரவில்லை. நிற்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுக்கும் நாளில் வந்துவிடக்கூடாதே என்று, வழக்கம்போல் தள்ளிப்போடும் மாத்திரை வாங்க வீட்டுக்காரரை அனுப்பினேன்.

வெறுங்கையோடு வந்தார். "கடைசியா எப்ப வந்துச்சுன்னு கேக்குது மருந்துக்கடை அம்மா. சொன்னாத்தான் தருமாம்."

"ரெண்டு மாசமாச்சு. இந்த வயசுல நிக்கத்தானே செய்யும்?"

"அதையும் டாக்டரே சொல்லட்டும். கெளம்பு."

ஸ்கேனில் குட்டியாய் ஒரு துடிப்பு தெரிந்தது. "நல்லவேளை, மாத்திரை போடல" என்றார் டாக்டர். வில்லாபுரத்தில் எங்கள் வீடு வரும்வரை வீட்டுக்காரர் என் கையை விடவில்லை.

இப்போது எங்கள் மகள்தான் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். தீட்டைத் தள்ளிப்போட நான் மாத்திரை போடுவதில்லை. வந்துவிட்டால் தெருமுனையில் நின்றே கும்பிடுகிறேன். ஆத்தா கோபிக்கவில்லை. பிள்ளைக்கு ஏங்கும் சகோதரிகளிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.