நாமா, நாங்களா?

எங்கள் கட்டிடத்தின் நான்காவது மாடியில் இருக்கும் லிப்ட் மெக்கானிக்கை எல்லோரும் 'லிப்ட்' என்றே கூப்பிடுவோம். வேலை நாட்களில் யார் யாருடைய மோட்டார் அறையிலோ கிரீஸும் தூசியுமாகக் கிடப்பான். ஞாயிறு மதியம் ஆனால் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பென்சிலைச் சீவி, பகடைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். எத்தனை வருடமாக என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

விளையாட்டு என்றதும் பலகையையும் காய்களையும் தேட வேண்டாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். லிப்டின் கதையில் ஒரு பெரிய நகரம் வெள்ளத்தில் முங்கிக் கிடந்தது. மிஞ்சியவர்கள் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கயிறு கட்டி, அதில் தொங்கியபடி கடந்து போக வேண்டும். நாளெல்லாம் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வேறு என்ன கதை தோன்றும்!

மேசையில் நிரந்தர ஆட்கள் இரண்டு பேர். கீழ் வீட்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்தான் கதையில் வைத்தியர். நான் திருடன். நிஜத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே காலம் போனதால் எனக்கு 'பிரேக்' என்று பெயர்.

ஒரு விதியை லிப்ட் அவ்வளவு லேசில் எழுதிவிட மாட்டான். மாதக்கணக்கில் மனதுக்குள் போட்டு மென்று, எழுதி, எங்களை வைத்து ஆடிப் பார்த்து, அழிப்பான். கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று ஒரு முறை பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வந்தான். "இது விளையாட்டாப்பா, பரீட்சையா?" என்று கெமிஸ்ட்ரி கேட்டார். அடுத்த வாரம் அந்தப் பக்கங்களைக் காணோம். பிறகு, அடுத்தவருக்கு உதவினால் புள்ளி என்று ஒரு விதி வந்தது. நான் வைத்தியருக்கு ஓடி ஓடி உதவி, புள்ளியெல்லாம் சேர்த்துக்கொண்டு, கடைசியில் அவர் கயிற்றை அறுத்துவிட்டுப் போனேன். திருடன் என்றால் பின்னே?

"ஆளாளுக்குத் தனித்தனியா ஓடுறீங்க," என்று லிப்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு கூட்டம்னு ஆகவே மாட்டேங்குது. ஏதோ ஒண்ணு குறையுது."

குறைந்தது வேறு இடத்திலும்தான். அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்த வருடம் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகளுக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. இவன் கூடப் போகிறானா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டால், "இது முடியட்டும்" என்பான். அந்த ஊரில் லிப்ட் கிடையாதா என்ன? அவன் கம்பெனிக்கே அங்கே ஒரு கிளை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி வந்து மேசையருகில் நின்றார்.

"வீடு அமைஞ்சிடுச்சு. அடுத்த மாசம் நாங்க கிளம்பறோம்."

எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டின புருஷன் முகத்தைப் பார்த்து 'நாம' என்று சொல்லாமல் 'நாங்க' என்று சொன்னால், அதற்கு மேல் வக்கீல் நோட்டீஸ் எதற்கு? லிப்டின் முகமோ மலர்ந்தது.

"இன்னொரு தடவ சொல்லு."

"எதை?"

"இப்ப சொன்னியே, அதை அப்படியே."

"நாங்க கிளம்பறோம்."

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினான். "இத்தன வருஷமா இது என் காதுல விழாமப் போச்சே!" பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். அவர் சற்று நேரம் நின்று அவன் எழுதுவதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினார்.

விதி இதுதான். கயிற்றில் கை வைக்கும் முன், கூட இருப்பவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'நாம' என்று சொன்னால் கேட்டவரும் சேர்த்தி. இருவருக்கும் ஒரே பகடைதான், விழுந்தால் சேர்ந்தே விழ வேண்டும். 'நாங்க' என்றால் கேட்டவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். வாய் தவறிச் சொன்னாலும் மாற்ற முடியாது.

அடுத்த ஆட்டத்திலேயே நான் அவசரத்தில் 'நாங்க' என்று உளறி, கெமிஸ்ட்ரியை மொட்டை மாடியில் விட்டுவிட்டேன். மனிதர் இரண்டு நாள் படிக்கட்டில் எதிரே வந்தும் என்னோடு பேசவில்லை. விஷயம் லிப்டுக்கு எட்டியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"அன்னைக்கு உன் வீட்ல என்ன சொன்னாங்கன்னு புரிஞ்சுதா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"புரியாமலா? அதனாலதானே விதியே கிடைச்சுது."

இப்படிப்பட்டவனிடம் என்னத்தைப் பேசுவது?

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். விதி புது ஆட்களிடம் எடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றான் லிப்ட். "நாங்க ஆடறோம்," என்று அவன் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு ஆச்சரியம். அதுவரை அவர் அந்தப் பகடையைத் தொட்டதுகூட இல்லை. விதிகளை ஒரு முறை நிதானமாகப் படித்தார். "சரி, புரிஞ்சுது."

நன்றாகவே ஆடினார். நானும் கெமிஸ்ட்ரியும் 'நாம' என்று கட்டிப் பிடித்துக்கொண்டு போய் நடுக்கயிற்றில் தண்ணீரில் விழுந்துவிட்டோம். கடைசிக் கூரையில் அம்மாவும் மகளும் மட்டும் மிச்சம்.

"தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு," என்றான் லிப்ட். "இருக்கறது ஒரே கயிறு. நீங்க என்ன செய்றீங்க?"

அம்மா மகள் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். அவனைத்தான் பார்த்தார்.

"நாம போலாம்."

"யார்கிட்ட சொல்ற?"

"உங்ககிட்டதான்."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்ட் தாள்களைப் புரட்டினான். நடிப்பில்லை, உண்மையிலேயே தேடினான்.

"கதை சொல்றவன் கூரையில இல்லையே," என்றான். "அவனக் கூப்பிட முடியாது."

"முடியாதா?"

"அதுக்கு விதி இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், விதிய எழுதறவனே நீதானய்யா! இப்ப எழுதேன்!"

"ஆட்டத்துக்கு நடுவுல மாத்தினா எல்லாம் கெட்டுடும், பிரேக். உனக்குத் தெரியாதா?"

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டு முடித்தாகிவிட்டது என்பது போல இருந்தார்.

"சரி," என்றார் அவனிடம். "நாங்க போறோம்."

"அப்ப உருட்டு."

உருட்டினார். நல்ல எண்ணாகவே விழுந்தது. அம்மாவும் மகளும் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள்.