சட்டைப் பையில் ஒரு அப்பம்

போன ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கு வேன் ஓட்டிப் போனேன். பாலக்கரையிலிருந்து பதினொரு பேர், எல்லோரும் மாசம் தவறாமல் வருகிறவர்கள். கடைசி நேரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்னொருவர் ஏறிக்கொண்டார். பெயர் வீரமலை. முசிறிப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். பின்னால் இடமில்லை. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் பேசுவார்கள். நான் 'ம்' கொட்டுவேன். வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கம் நிறைய எழுதுகிறவனா இப்படி என்று கேட்காதீர்கள்... காகிதத்தைப் பார்த்தால் வருகிற வார்த்தை, ஆளைப் பார்த்தால் எனக்கு வருவதில்லை.

தஞ்சாவூர் வருவதற்குள் அவர் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. மனைவி தனலட்சுமிக்குக் கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் மாதா கோயிலுக்கு வருவதாக அந்தம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் கொஞ்ச நாளைக்குப் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் புருஷன் வருகிறார்.

"மெழுகுவத்தி ஏத்துறது பெரிய விஷயம் இல்லீங்க டிரைவர். பிரசாதம்தான் பிரச்சினை."

"ம்?"

"ஸ்ரீரங்கத்துல புளியோதரை வாங்குவேன். முசிறி பஸ்ஸு கொள்ளிடம் பாலம் தாண்டுறதுக்குள்ள கை தானா பொட்டலத்தைப் பிரிச்சிடும். வீட்டுக்கு வெறும் இலைதான் போவும். இந்தத் தடவை கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. 'என் கண்ணுக்கு வேண்டிக்கிட்டது... ஒரு பருக்கை நீங்க வாயில வச்சீங்க, அப்புறம் இருக்கு'ன்னு."

சிரித்தேன். அதுவும் ஒரு வகை 'ம்'தான்.

அந்தக் கோயிலுக்கு வராத ஊர்க்காரர்கள் கிடையாது. பம்பாய், கோவா, கேரளா, ஆந்திரா... ஒவ்வொரு பாஷைக்கும் தனித்தனிப் பூசை. செருப்பை எங்கே விடுவது, செல்போனை எப்போது அணைப்பது — எல்லாவற்றுக்கும் போர்டு. ஆனால் வருகிறவர்கள் கூடவே தங்கள் ஊர்க் கோயிலையும் கொண்டுவந்து விடுகிறார்களே, அதற்கு எந்த போர்டு வைப்பது?

முன்பு ஒரு தடவை ஸ்ரீரங்கத்து மாமி ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். மாதாவைச் சேவித்துவிட்டு, தலையைக் குனிந்து அப்படியே நின்றார். நகரவே இல்லை. "சடாரி சாதிக்கலையே இன்னும்?" என்றார். பெருமாள் கோயிலில் பட்டர் தலையில் வைத்து எடுப்பாரே, அது! அந்தப் பக்கமாக வந்த வயசான ஃபாதர் ஒருவர், குனிந்த தலையைப் பார்த்ததும் கையை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். மாமிக்குத் திருப்தி. ஃபாதருக்கும் திருப்தி.

வீரமலை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

தமிழ்ப் பூசை. நான் வழக்கம்போல் கடைசித் தூண் ஓரம். நற்கருணை நேரம் வந்தது. ஜனங்கள் வரிசையாகப் போய், காசு அளவு மெல்லிய வெள்ளை அப்பம் வாங்குகிறார்கள். பார்த்தால் அந்த வரிசையில் வீரமலை!

எனக்கு அந்த வரிசையின் விவரம் தெரியும். முதல் தடவை வந்தபோது நானும் போய் நின்றவன்தான். பாலக்கரை அக்கா ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பி, அது ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு" என்றார். அதே மாதிரி நானும் வீரமலையின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இருபது அடி நடந்தால் போதும். ஆனால் அவ்வளவு கூட்டம், அவ்வளவு அமைதி... எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே! நான் நகரவில்லை.

தீர்த்தம் வாங்குவதுபோல் வலது கையைக் குவித்து நீட்டினார். அப்பம் கைக்கு வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். கர்ச்சீப்பில் மடித்தார். சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

ஓரமாக நின்ற சிஸ்டர் விரைந்து வந்தார்.

"ஐயா, அதை இங்கயே சாப்பிடணும்."

"நானா? மாட்டேம்மா. சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"என்ன சத்தியம்?"

"வழியில திங்க மாட்டேன்னு. முழுசா வீட்டுக்குக் கொண்டு போவணும்."

சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "இதை வெளியில எடுத்துட்டுப் போகவே கூடாதுங்க. சாப்பிட வேண்டாம், எங்ககிட்ட குடுத்துடுங்க."

"குடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேப்பாங்களா? எங்க பக்கம் அப்படி வழக்கம் இல்லீங்களே!"

சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனேன். "சிஸ்டர்... எங்க வேன்... தெரியாம..." அதற்கு மேல் வரவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் வந்தார். முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"ஐயா, இது பிரசாதம் இல்லீங்க. எங்களுக்கு இதுதான் சாமி."

வீரமலையின் கை பையிலிருந்து தானாக நழுவியது.

"சாமியா? ஐயையோ... வெத்தலைப் பொட்டலத்தோடல்ல வச்சிருக்கேன்!"

படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கர்ச்சீப்பை இரண்டு கையாலும் நீட்டினார். ஃபாதர் அப்பத்தை எடுத்து, நின்ற இடத்திலேயே உட்கொண்டார். வீரமலை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஃபாதர் தனலட்சுமியின் பெயரைக் கேட்டு, ஜெபிப்பதாகச் சொன்னார். சிஸ்டர் மாதாவுக்கு வைத்த மல்லிகையில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது திருவாரூரில் டீ. வீரமலை ஸ்பீக்கரில் போட்டு மனைவியிடம் பேசினார்.

"பூ கொண்டாறேன் தனம்."

"பூ இருக்கட்டும். பிரசாதம்?"

"அப்பம் குடுத்தாங்க..."

"குடுத்தாங்கன்னா? இப்ப எங்க?"

"அதை... ஃபாதர் சாப்பிட்டுட்டாரு."



"போன தடவை புளியோதரையைக் குரங்கு புடுங்கிட்டுப் போச்சுன்னீங்க. இந்தத் தடவை ஃபாதரா?"

"சத்தியமாடி! வேணும்னா டிரைவரைக் கேளு!"

போன் என் கைக்கு வந்துவிட்டது. அவரிடமே திருப்பி நீட்டப் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் — மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். சாட்சி நான் ஒருவன். அந்த இருபது அடியை நான் நடந்திருந்தால் இந்த வம்பே இல்லை. இப்போதும் 'ம்' என்று நிற்பதா?

"ஆமாங்கம்மா. ஃபாதர்தான் சாப்பிட்டார். பக்கத்துல நின்னு பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் வாயில வைக்கவே இல்லை. ஒரு துணுக்குகூட."

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

அந்தம்மா நிதானமாகக் கேட்டார்: "சரிங்க... உங்களுக்கு எவ்வளவு பங்கு குடுத்தாரு?"

எப்போதோ ஒரு தடவை வாயைத் திறக்கிறேன்... அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்!