இறக்கத்தில் சாவியைத் திருப்பியவன்

ஒரு மனிதனிடமிருந்து அவன் பழக்கத்தை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பவன் அவன்தானா? காசூலேயின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கம்பாலாவில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் மேட்டின் உச்சிக்கு வந்ததும் நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். வண்டி சும்மா உருளும், பெட்ரோல் மிச்சம். காசூலேக்கு அது யோசனையே இல்லை. கை தானாகப் போகும்.

ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சவாரிக்காக வெயிலில் காய வேண்டாத வேலை. அதை எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்று போனான். கூட்டாளி வாஸ்வாவும் வேடிக்கை பார்க்க வந்தான்.

அங்கே நின்றது பெரிய வண்டி. இரட்டை சிலிண்டர். மேலே மூடி எதுவும் இல்லாமல், குழாய்ச் சட்டத்துக்குள் எஞ்சின் அப்படியே தெரிந்தது. புகைக்குழாய்கள் இரண்டும் ரேடியேட்டருக்குக் கீழே வளைந்து ஒன்றாகச் சேர்ந்தன.

"இதுக்குச் சட்டை போட மறந்துட்டாங்களா?" என்றான் வாஸ்வா.

பயிற்சி கொடுக்கும் நம்போஸே என்ற பெண் சிரிக்கவில்லை. "எங்க ஒழுகினாலும் உடனே கண்ணுல படணும். ஓட்டுங்க, பாப்போம்."

மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாகுரு மேட்டின் உச்சியில் காசூலேயின் கை தன் வேலையைச் செய்தது. எஞ்சின் அணைந்தது. கூடவே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் கருவியும் அணைந்தது. வண்டியின் கனம் அவனைத் தள்ள, பின்பிரேக்கை மிதித்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. அவன் விழவில்லை. ரத்தத்துக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் வைத்துக் கட்டிய பெட்டிதான் சாக்கடையில் போய் விழுந்தது.

"பெட்ரோல மிச்சம் பிடிச்சீங்களோ?" என்றாள் நம்போஸே.

"பழக்கம், மேடம்."

"கியர்லயே விட்டு ஆக்ஸிலேட்டர் கைப்பிடிய மூடுங்க. பெட்ரோல வண்டியே நிறுத்திக்கும். சக்கரம்தான் அப்ப எஞ்சினச் சுத்தும், எஞ்சின் வண்டிய இழுத்துப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை வாங்க. அதான் கடைசி சான்ஸ்."

அன்று முதல் தன் சின்ன வண்டியிலும் இறக்கங்களில் எஞ்சினை ஓடவிட்டான். சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்த வாஸ்வாவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடா, எண்ணெய்க் கிணறு வாங்கிட்டியா?"

"கைக்குப் பாடம் நடத்துறேன்."

"கை பாஸானா, உனக்கும் சேத்து வேலை கேக்கச் சொல்லு!"

வெள்ளிக்கிழமை அதே உச்சி. கை எழுந்தது. பாதியில் நின்று திரும்பி வந்தது. கைப்பிடியை மூடினான். எஞ்சின் அடித்தொண்டையில் முனகியபடி வண்டியைப் பிடித்துக்கொண்டது. பெட்டி அசையவில்லை.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றாள் நம்போஸே. "திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க."

ரத்தப் பெட்டியோடு அவன் எந்த இறக்கத்திலும் எஞ்சினை அணைத்ததில்லை. பழைய வண்டியை விற்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதில் தனியாக நாகுரு உச்சிக்குப் போவான். அங்கே சாவியைத் திருப்பி, சத்தமில்லாமல் கீழே உருண்டு வருவான். ஏன் என்று வாஸ்வா எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தான். காசூலே சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.