குதிக்கால் நோவும் வீட்டுச் சப்பாத்தும்

மகனுக்குப் பத்து மாதம் ஆனபோது, கிளினிக்கில் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நாளுக்கு அரைமணி நேரம், கொஞ்சம் வேகமாக. அவன் வயிற்றில் இருந்த காலத்தில் எனக்கு இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. பிறந்ததும் இறங்கிவிட்டது. ஆனால் அப்படி ஒருமுறை ஏறியவர்களுக்குப் பிறகு எப்போதாவது அது வந்து நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்றார். உடம்பில் கூடியிருக்கும் நிறையைக் குறைப்பது நல்லது, வசந்தம் வந்ததும் இரத்தம் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

அது தை மாதம். செயின்ட்-மிஷேலில் எங்கள் தெரு நடைபாதை முழுவதும் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி போலக் கிடந்தது. தள்ளுவண்டியின் சில்லு அதில் உருளாது. மூலையில் இருந்த டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலே பிள்ளைக்கு உடுப்பு மாட்ட இருபது நிமிடம் வேண்டும். மாட்டி முடிக்கும்போது எனக்கு வியர்த்துவிடும். அவன் அழுவான். பால் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று தோன்றும். இந்த லட்சணத்தில் எங்கே நடப்பது?

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் மச்சாள் குடும்பம் இருந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா. டோர்வலில் விமான நிலையத்தைத் துப்புரவு செய்யும் வேலை. நான் நடக்க வழியில்லாமல் கவலைப்படுவதைக் கேட்டு, வேலையிடத்தில் யாரோ கொடுத்த உடற்பயிற்சி டிவிடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"வெளியில நடக்க ஏலாதெண்டால் வீட்டுக்குள்ள துள்ளு. நானும் ஒருக்காப் போட்டுப் பார்த்தனான்."

"எப்பிடி இருந்தது மச்சாள்?"

"அஞ்சு நிமிஷத்தில நான் சோபா செற்றியில விழுந்திட்டன். அவள் அங்க சிரிச்சுக்கொண்டு துள்ளுறாள். பிள்ளை குட்டி இல்லாதவள் போல."

அந்த டிவிடி நாற்பது நிமிடம் ஓடும். கைகளை மேலே விரித்துத் துள்ளுவது, முழங்காலை நெஞ்சுவரை தூக்கி நின்ற இடத்தில் ஓடுவது, குந்தியிருந்து எம்பிக் குதிப்பது. ஒவ்வொரு முறையும் திரையில் துள்ளுகிற அந்தப் பெண் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பாள். நான் மற்றவர்கள் சொன்னதை அப்படியே செய்கிற ஆள். படிக்கிற காலத்தில் பழைய வினாத்தாளை ஒருதரம் செய்து முடித்துவிட்டு, பிழை இருக்குமோ என்று பயந்து இரண்டாம் தரமும் செய்வேன். ஒரு கிழமைக்குள் இதையும் அப்படியே ஆக்கிக்கொண்டேன். மகன் காலையில் தூங்கும்போது ஒருமுறை. பின்னேரம் தூங்கும்போது இன்னொருமுறை.

எங்கள் வீடு அரைவாசி நிலத்துக்குக் கீழே இருந்தது. துள்ளினால் திட்டுவதற்குக் கீழே யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். கீழே இருந்தது கொங்கிரீட். அதன் மேல் கணவர் மலிவு விற்பனையில் வாங்கி விரித்த மெல்லிய கம்பளம். அதன் மேல் என் வெறுங்கால். சப்பாத்துப் போட்டுத் துள்ள வேண்டும் என்பது எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. திரையில் அந்தப் பெண் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தாள். அதைத் தினமும் இரண்டு தரம் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்குள்ளும் போடுகிறவர்கள் என்று நினைத்ததோடு சரி. எங்கள் வீட்டில் வாசலுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டம் இருந்தது. உப்பும் சேறும் வடிகிற பூட்ஸ் எல்லாம் அதில் நிற்கும். அதற்கு இந்தப் பக்கம் வெறுங்கால், கூடிப்போனால் காலுறை.

மூன்றாம் கிழமை நோ தொடங்கியது. காலையில் கட்டிலால் இறங்கி இடது காலை ஊன்றியதும் குதிக்காலுக்குள் நெருஞ்சி முள் ஏறியது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்ததும் குறைந்தது. மத்தியானம் மறந்துவிட்டேன். மறுநாள் காலை மறுபடியும். நான்கு நாட்களில் வலது காலிலும்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் துள்ளுவதை நிறுத்தியிருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் அப்பா.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் காலில்தான் தொடங்கியது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பெருவிரலில் ஒரு சின்னப் புண். பிறகு அந்த விரல் இல்லை. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது மன்னார் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிரியல் படித்தவள் நான். சீனி முதலில் இரத்தத்தில் ஏறுகிறது, காலுக்கு வருவது பல வருடம் கழித்து என்று எழுதிப் புள்ளி வாங்கியவள். ஆனால் விடியற்காலையில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு அந்தப் பாடம் உதவவில்லை. சீனி காலுக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். வசந்தத்துக்கு முன்பே வந்துவிட்டது. நான் போதுமான அளவு துள்ளவில்லை.

அதனால் இன்னும் துள்ளினேன். நோ கூடியது. கூடக் கூடப் பயம் கூடியது. பயம் கூடிய நாளில் பின்னேரப் பயிற்சி முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போட்டுச் செய்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போ என்பார். போனால் இரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை இறக்கிவிடலாம் என்று ஒரு கணக்கு. பேக்கரித் தொழிற்சாலைக்கு அவர் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். என் முதல் பத்தடியை அவர் பார்க்க வாய்ப்பில்லை.

மாசி முடிகிற நேரம், ஒரு காலை மகன் தொட்டிலில் நின்று கத்தினான். அவசரமாக எழும்பி, சுவரைப் பிடிக்காமல் போய் அவனைத் தூக்கித் திரும்பினேன். குதிக்கால் வெட்டி இழுத்தது. கால் மடிந்து, அவனோடு முழங்காலில் விழுந்தேன். விழும்போது அவன் நெற்றி தொட்டில் கட்டையில் அடிபட்டது. ஒரு கணம் அவன் சத்தமே போடவில்லை. பிறகு வீடே இடியும்படி கத்தினான். மச்சாளுக்கு அன்று லீவு. படியால் இறங்கி ஓடிவந்தார்.

"என்ன நடந்தது?"

"தடக்கிப் போட்டுது மச்சாள்."

"எதில தடக்கினது? நிலத்தில ஒண்டையும் காணேல்லை."

நான் ஐஸ் எடுக்கக் குசினிக்குப் போனேன். மகனை மடியில் வைத்துக்கொண்டு மச்சாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொண்டுறாய்."

"இப்ப விழுந்ததில."

"பொய் சொல்லாத. முந்தநாள் குப்பை வைக்கப் போகேக்கையும் நொண்டினனி. மேலயிருந்து கண்டனான். எத்தினை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"தம்பிக்குத் தெரியுமோ?"

"இல்லை. சீனியாக்கும் எண்டு பயமாக் கிடக்கு மச்சாள். அப்பாவுக்கும் காலில தானே."

அழுதுவிட்டேன். மச்சாள் ஆறுதல் சொல்லவில்லை. மகனின் நெற்றியில் ஐஸைத் துணியில் சுற்றி வைத்தபடி, நான் சொன்னதை நிதானமாக யோசித்தார்.

"அப்ப சீனி எண்டு தெரிஞ்சும் டொக்டரிட்டப் போகேல்லை."

"ஓம்."

"கால் நோகுதெண்டும் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சும் அதே காலால துள்ளினனி."

"துள்ளினால் இறங்குமெண்டு..."

"படிச்சதுகள், படிச்சதுகள் எண்டு எங்கட சனம் சொல்லுறது உன்னைத் தான் போல. வெளிக்கிடு. ரெண்டு பேரையும் காட்டுவம்."

கிளினிக்கில் அதே டாக்டர். முதலில் மகனைப் பார்த்தார். வீக்கம் மட்டும்தான், பயமில்லை என்றார். நான் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் சொன்னார். பிறகு என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஒரு மெல்லிய நைலோன் இழையை எடுத்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் இது தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடினேன். பெருவிரலின் கீழே ஏதோ தொட்டது. "வீ" என்றேன். ஓம் என்பதற்கு பிரெஞ்சு வகுப்பில் முதலில் படித்த சொல். பிறகு சின்னவிரல். பிறகு உள்ளங்கால் நடு. தொடாத நேரத்தில் தொட்டது போல இருந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். தொட்டும் எனக்குத் தெரியாமல் விட்டிருந்தால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வீ. வீ. வீ. இரண்டு காலிலும் எல்லா இடமும் தெரிந்தது.

"சீனியால் கெடுகிற கால் பெரும்பாலும் மரத்துப்போகும்" என்றார் டாக்டர். "உங்கள் காலுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது." சொல்லிவிட்டுக் குதிக்காலின் உட்புறத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் மச்சாளின் மடியில் இருந்த மகனும் அழத் தொடங்கினான்.

உள்ளங்காலின் அடியில் குதிக்காலிலிருந்து விரல்வரை ஓடுகிற ஒரு தடித்த நார் இருக்கிறதாம். அது அடிபட்டு அடிபட்டுப் புண்ணாகியிருக்கிறது. எதில் துள்ளினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்ன சப்பாத்து என்று கேட்டார். சப்பாத்து இல்லை, வீட்டுக்குள் தானே என்றேன். எவ்வளவு நேரம் என்றபோது எண்பது நிமிடம் என்று உண்மையைச் சொன்னேன். சில நாள் தொண்ணூறு. அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"நான் உங்களை நடக்கத்தானே சொன்னேன்."

மச்சாளுக்குப் பிரெஞ்சு அவ்வளவு தெரியாது. ஆனால் அந்த வசனம் மட்டும் விளங்கிவிட்டது. வீடு போகும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

இனித் துள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துக் காலடியில் உருட்ட வேண்டும். நல்ல அடியுள்ள சப்பாத்தைக் கட்டிலால் இறங்கும்போதே போட்டு, படுக்கும்வரை கழற்றக் கூடாது. இரத்தம் சோதிக்கவும் ஒரு துண்டு எழுதித் தந்தார். வெறுவயிற்றோடு வரவேண்டும். அந்தத் துண்டைக் கைப்பையில் வைத்தேன். அன்றிலிருந்து கைப்பை கனத்தது.

சப்பாத்துத்தான் வீட்டில் பிரச்சினையானது. புதிதாக வாங்கினோம், வெளியில் ஒரு தரமும் போடாதது. ஆனால் எங்கள் முன்னறையில் மாதா சொரூபம் இருந்தது. பின்னேரம் குடும்பமாக அதன் முன்னால் செபமாலை சொல்வோம். கணவர் கோபிக்கிற ஆள் இல்லை. அவருக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"செபமாலை நேரத்தில மட்டும் கழட்டி வையுமன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கழற்றினேன். முழங்காலில் இருந்து வெறுங்காலோடு எழும்புகிற அந்தக் கணத்தில், பகலெல்லாம் ஆறிய நார் மறுபடி கிழிந்தது போல இருக்கும். டாக்டர் சொன்னதை மீறுகிறேனா, போட்டுக்கொண்டு இருந்தால் மாதாவை அவமதிக்கிறேனா என்று எல்லாப் பின்னேரமும் யோசித்தேன். ஒரு கிழமை கழித்து மச்சாள் செபமாலைக்கு இறங்கி வந்தபோது நான் சுவரைப் பிடித்து எழும்புவதைக் கண்டுவிட்டார்.

"எங்க உன்ர சப்பாத்து?"

நான் கணவரைப் பார்த்தேன்.

"நான் தான் கழட்டச் சொன்னனான் அக்கா. மாதாவுக்கு முன்னால..."

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எதோட போறனி? பூட்ஸோட. நற்கருணை வாங்கேக்க கழட்டினனியோ?"

"அது இந்த நாட்டுக் கோயில்."

"இந்த மாதாவும் இந்த நாட்டில தான் நிக்கிறா. ஹீற்றருக்குப் பக்கத்தில, சொகுசா. இந்தப் பிள்ளைக்குக் கால் நோகுதெண்டால் அவவுக்கு விளங்காதோ?"

மறுநாள் காலை, கணவர் வேலைக்குப் போன பிறகு நான் எழும்பியபோது, சப்பாத்தின் அடி ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கால் நுழைக்கிற திசையில் வைக்கப்பட்டிருந்தது. அன்று முதல் அதோடுதான் செபமாலை சொன்னேன். மனம் செபத்தில் நின்றது என்று சொல்ல முடியாது. கண் சப்பாத்துக்கே போனது.

இரத்தம் கொடுத்தேன். பத்து நாள் காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் நான் துள்ளாத நாட்கள். நாற்பது நிமிடம் காலியாக இருக்கும்போதெல்லாம் சீனி ஏறிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. சோற்றைக் குறைத்தேன். பிறகு பாலூட்டுகிறவள் குறைக்கலாமா என்று பயந்து கூட்டினேன். இரண்டு நாள் அரைமணி நேரம் நடைகூடப் போனேன், ஐஸ் உருகிய இடமாகப் பார்த்து, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு. திரும்பி வரும்போது வயதான ஆள் போல வந்தேன்.

தாதி தொலைபேசியில் அழைத்தபோது மகன் உணவு நாற்காலியில் இருந்தான். சீனி இல்லை என்றார். அளவு எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். என் கோப்புத்தானா என்று கேட்டேன். பிறந்த திகதியை வாசித்தார். என்னுடையதுதான். மெர்சி என்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது நித்திரை. மகனுக்கு மிச்சச் சோற்றை ஊட்டிவிட்டு, அவனோடு சேர்ந்து படுத்து, பின்னேரம்வரை தூங்கினேன்.

வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் முகம் விரிந்தது. கோட்டைக் கழற்றவும் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப நீர் துள்ளினது வீண் போகேல்லை."

அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் கை கழுவப் போன பிறகு அந்த வசனம் அறைக்குள் நின்றது. எல்லைக்குக் கொஞ்சம் கீழே என்றார் தாதி. எதனால் கீழே? துள்ளியதாலா? துள்ளாமல் விட்டால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு நாள் தாங்கும்? தொலைக்காட்சிக்குக் கீழே டிவிடி வைக்கிற இடத்தைப் பார்த்தேன். அது அங்கே இல்லை. மச்சாள் எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். படியேறிப் போய்க் கேட்டால் தருவாரா, திட்டுவாரா என்று யோசித்தேன். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களையப் போனேன்.