பவுடரில் விழுந்த கோடு

காலையில் இன்ஜினுக்குப் பவுடர் பூசினேன். சிரிக்காதீர்கள். முகத்துக்குப் போடுகிற பவுடர்தான். வெதுவெதுப்பான இரும்பில் பட்டதும் அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்புகிற வீட்டின் வாசனை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பழைய டீசல் கார் அது. மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டிய காலத்து வண்டி. உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருப்பதை வைத்திருக்கிறேன். இப்போது சவாரி இல்லை. கடப்பாக்கம் கல்லறைக்குப் போய்வர மட்டும் எடுப்பேன். என் மனைவி எஸ்தருக்கு அதுதான் பிறந்த ஊர். அங்கேயேதான் புதைத்தோம்.

கொஞ்ச நாளாக அடியில் ஆயில் சொட்டுகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்ஜின எறக்கணும்ணா" என்றான். ஒரகடத்தில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "இரும்புக்குப் போட்ரு நைனா. நாளைக்கு ஆள அனுப்பறேன். கல்லறைக்கு பஸ்ல போ" என்றான். நல்ல பையன்தான். பஸ் படி ஏற என் முட்டி என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

அவன் சின்னப் பையனாக இருந்தபோதும் இதே வண்டி ஒருமுறை இப்படித்தான் ஒழுகியது. அடியில் படுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. எஸ்தர் பவுடர் பூசி, பட்டுப்புடவை கட்டி வந்து நின்றாள். அன்று நல்ல புழுக்கம்.

"யோவ், இன்னாய்யா இன்னும் அடியிலயே கீற? கோயில்ல பூச ஆரம்பிச்சிருப்பாங்க."

"எங்க ஒழுகுதுன்னு தெர்ல."

"என் மூஞ்சியப் பாரு. வேர்வ எங்கேர்ந்து வருதுன்னு தெரீதா இல்லியா?"

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நெற்றியிலிருந்து பவுடரில் ஒரு கோடு இறங்கியிருந்தது.

"இன்ஜினுக்கும் இந்தப் பவுடரப் பூசு. எனக்கு வேற டப்பா வாங்கிக் குடுத்துடு."

துடைத்துப் பூசினோம். இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் வரும். ஒருத்தர் மிதிக்க வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாதவள் புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் மிதி."

"போதுமாய்யா?"

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா எஸ்தரு, டிரைவராயிட்ட?" என்றாள்.

"ஆமாக்கா. கல்பாக்கமா? ஏறுங்க!"

கோடு மேலேயிருந்து இறங்கியது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குக் கீழே வைக்கிற தக்கை பேக்கிங் அப்பளமாகக் காய்ந்து உடைந்திருந்தது. எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி அடியில் சொட்டியிருக்கிறது. அன்று பூசைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் நான் பானெட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே போதும், கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் அடியிலிருந்து "போதும்" என்று கத்தினால்தான் காலை எடுப்பாள்.

இன்று ஆக்சிலேட்டர் மேல் அரைச் செங்கல்லை வைத்தேன். கோடு அதே இடத்தில்தான் விழுந்தது. பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தேன். புதுசை வைத்து, தக்கை பிதுங்காதபடி போல்ட்டை மெதுவாக முடுக்கினேன். துடைத்து, மறுபடி பவுடர் போட்டு, செங்கல்லை வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தேன்.

அங்கிருந்து பார்த்தால் முன்பு எதிர்வீட்டு வாசல் தெரியும், அக்காவின் கால் தெரியும். இப்போது அங்கே டூரிஸ்டுகளுக்கு ரூம் விடுகிறார்கள். கேட் மட்டும் தெரிந்தது.

ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மகனிடம் ஆளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நாளைக்கு கடப்பாக்கம் போகலாம்.

"போதும்" என்று கத்தினேன்.

செங்கல் காலை எடுக்கவில்லை.